நிலை எந்திரத்திலிருந்து டெஸ்ட் கேஸ் எடுப்பது எப்படி: ஒரு பஸ் சீட்டை வைத்து முழு வழிகாட்டி

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து இரவு கிளம்பும் ஒரு ஆம்னி பஸ்ஸில், ஒரே படுக்கைக்கு இரண்டு பேர் டிக்கெட்டோடு வந்து நின்றார்கள். இரண்டுமே சரியான டிக்கெட். இரண்டையும் கொடுத்தது நாங்கள் எழுதிய மென்பொருள்தான். சீட்டைத் தேர்ந்தெடுத்தவர் பணம் கட்ட எட்டு நிமிடம் உண்டு. முதல் பயணி பணம் கட்டியதும் நிற்க வேண்டிய அந்த எட்டு நிமிடக் கடிகாரம் நிற்கவில்லை. எட்டாவது நிமிடம் அது அடித்ததும், விற்றுப்போன சீட் மறுபடி காலி என்று திரையில் வந்துவிட்டது.

எங்களிடம் டெஸ்ட் கேஸ்களுக்கு, அதாவது இதைச் செய்தால் இது நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த சோதனைகளுக்கு, குறைவில்லை. ஆனால் விற்ற சீட்டின் மேல் கடிகாரம் அடித்தால் என்ன ஆகும் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. யோசித்து யோசித்து எழுதினால் இப்படித்தான் ஏதாவது விட்டுப்போகும். நிலை எந்திரம், அதாவது ஃபைனைட் ஸ்டேட் மெஷின், அந்த ஓட்டையை அடைக்கிறது. ஒரு பொருள் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எந்த நிகழ்வு வந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று எழுதிக்காட்டுவதுதான் அது. அந்தச் சீட்டையே எடுத்துக்காட்டாக வைத்து, புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலான தவறுகள் படிகளைத் தாண்டுவதால்தான் வருகின்றன.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்ப்ரெட்ஷீட், தேவைகள் எழுதிய ஆவணம், அப்புறம் தொழில் தெரிந்த ஓர் ஆள். எங்களுக்கு அந்த ஆள் கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட் போடுபவர். ஆவணத்தில் வழக்கமாக நடப்பதுதான் இருக்கும். இடக்கான நேரத்தில் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

டெவலப்பரிடம் மூன்று வசதிகளை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக ஒரு பயணத்தையும் சீட்டையும் உருவாக்கும் வழி வேண்டும். சீட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று படிக்கும் வழி வேண்டும். கடிகாரத்தை நம் கையால் முன்னே தள்ளும் வழியும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எட்டு நிமிடம் காத்திருக்கும் டெஸ்டை யாரும் தினமும் ஓட்ட மாட்டார்கள். அதற்காக எட்டு நிமிடத்தை ஐந்து விநாடி என்று அமைப்பில் மாற்றி வைப்பதும் சரியான வழி இல்லை. கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறினாலே பணம் கட்டுவதற்குள் நேரம் முடிந்து டெஸ்ட் தோற்கும். நான்கு நாள் அப்படித் தோற்றால், ஐந்தாவது நாள் உண்மையான பக்கையும் (மென்பொருள் பிழையையும்) யாரும் நம்ப மாட்டார்கள்.

## 2. நிலைகளைப் பிரியுங்கள்

நிலை என்பது திரை இல்லை. புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். "தேடும் பக்கம், சீட் பக்கம், பணம் கட்டும் பக்கம்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஒரே நிகழ்வுக்குப் பொருள் வேறு வேறு மாதிரி பதில் சொன்னால் அவை வேறு நிலைகள். எல்லா நிகழ்வுக்கும், இனி வரப்போகும் எல்லாத் தொடர்களுக்கும் ஒரே மாதிரி பதில் சொன்னால் அது ஒரே நிலை. சீட் பக்கத்தில் நின்றாலும் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனாலும் சீட்டைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. பணம் வந்தால் விற்கும், நேரம் முடிந்தால் விடுபடும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிலை.

இப்படிப் பார்த்தால் நம் சீட்டுக்கு நான்கு நிலைகள்: காலி, பிடிப்பு, பதிவு, ஏறியது. எட்டு நிமிடம் ஒருவருக்காகத் தள்ளிவைத்திருப்பது பிடிப்பு. பணம் வந்து விற்றுவிட்டது பதிவு. பயணி பஸ்ஸில் ஏறி, ஏற்றிவிடும் ஆள் குறித்துவிட்டால் ஏறியது.

எந்தப் பொருளின் நிலை என்பதையும் தாளின் மேலேயே எழுதுங்கள். இங்கே ஒரு சீட், ஒரு பயணம். பஸ்ஸின் நிலையையும் பயணியின் கணக்கையும் இதற்குள் கலந்தால் நிலைகள் பெருகிக்கொண்டே போகும். அவற்றுக்குத் தனி எந்திரம் வரைய வேண்டும்.

## 3. நிகழ்வுகளைச் சேருங்கள்

பொத்தான்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். "இந்தச் சீட்டின் மேல் யார் யார், எது எது கைவைக்க முடியும்?" என்று கேளுங்கள். பயணி, ஏற்றிவிடும் ஆள், வங்கிப் பக்கமிருந்து வரும் தகவல், கடிகாரம் என நான்கு திசை தெரியும்.

நமக்குக் கிடைப்பவை ஐந்து: தேர்வு, பணம், நேரம் முடிவு, ரத்து, ஏறல். பணம் கட்டுவது தோற்றால் ஒரு செய்தி வருமே தவிர சீட்டின் நிலை மாறாது. உண்மையான அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தி (மேலிருந்து கீழே போகும் நெடுவரிசை) உண்டு. இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

நிகழ்வுக்குள் விளைவைச் சேர்த்து எழுதாதீர்கள். "வெற்றிகரமாக ரத்து செய்தல்" என்று எழுதினால், ரத்து செய்ய முடியாத நிலையில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவீர்கள்? நிகழ்வு வெறும் "ரத்து" என்று இருக்கட்டும். அது வென்றதா இல்லையா என்பதைக் கட்டம் சொல்லும்.

## 4. முதலில் அட்டவணை, அப்புறம் படம்

கல்லூரியில் வட்டமும் அம்பும் வரைந்து பழகியிருப்போம். வேலையில் படத்தில் தொடங்காதீர்கள். படத்தில் இல்லாத அம்பு கண்ணில் படாது. அட்டவணையில் நிரப்பாத கட்டம் கண்ணை உறுத்தும்.

நிலைகளை வரிசையாகவும் நிகழ்வுகளைப் பத்தியாகவும் போடுங்கள். நான்குக்கு ஐந்து, 20 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயம் வேண்டும்: அடுத்த நிலை, வெளியே தெரியும் பதில். பதிலை எழுதாவிட்டால் டெஸ்ட் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதே இல்லாமல் போகும்.

ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிரப்பினபோது எங்களுக்கு ஆறு கட்டங்கள் நிரம்பின. காலியில் தேர்வு செய்தால் பிடிப்பு. பிடிப்பில் பணம் வந்தால் பதிவு. பிடிப்பில் நேரம் முடிந்தாலோ ரத்து செய்தாலோ காலி. பதிவில் ரத்து செய்தால் காலி, ஏறினால் ஏறியது. மிச்சம் 14 கட்டங்கள் வெறுமையாக நின்றன.

## 5. வெறும் கட்டங்களைக் கேட்டு நிரப்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். நான் பார்த்த மோசமான பக் எல்லாம் வெறும் கட்டங்களிலிருந்து வந்தவைதான். டெவலப்பரும் அதே ஆவணத்தைப் படித்துத்தான் எழுதியிருப்பார். ஆவணம் பேசாத இடத்தில் அவர் எழுதிய கோடும் (நிரலும்) தற்செயலாகத்தான் நடந்துகொள்ளும்.

"அது நடக்காது சார்" என்று சொல்லி யாரும் கட்டத்தைக் கடந்து போக விடக்கூடாது. காலியாக இருக்கும் சீட்டுக்குப் பணம் வருமா? வரும். பயணி ஏழாவது நிமிடத்தில் யுபிஐயில் பணம் அனுப்புகிறார், வங்கியின் தகவல் ஒன்பதாவது நிமிடத்தில் வந்து சேர்கிறது. அதற்குள் சீட் காலி. கவுன்டர்காரரிடம் கேட்டபோது பதில் யோசிக்காமல் வந்தது: பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், சீட்டைத் தொடக்கூடாது. ஆவணத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

பதிவில் மறுபடி பணம் வருமா? அதுவும் வரும். பணம் வாங்கித்தரும் சேவைகள், தங்களுக்குப் பதில் கிடைக்காவிட்டால் அதே தகவலை மறுபடி அனுப்பும். இரண்டாவது எஸ்எம்எஸ் போகக்கூடாது.

கேட்டு முடித்த பிறகு எங்கள் அட்டவணை இப்படி இருந்தது. "மறு" என்றால் நிலை மாறக்கூடாது, வேறு எந்த விளைவும் இருக்கக்கூடாது என்று பொருள். சார்ட் என்பது பயணிகள் பட்டியல்.

| நிலை | தேர்வு | பணம் | நேரம் முடிவு | ரத்து | ஏறல் |
|---|---|---|---|---|---|
| காலி | பிடிப்பு, கடிகாரம் ஓடும் | காலி, பணம் திரும்பும் | மறு | மறு | மறு |
| பிடிப்பு | மறு | பதிவு, எஸ்எம்எஸ் | காலி, செய்தி | காலி | மறு |
| பதிவு | மறு | மறு | மறு | காலி, பணம் திரும்பும் | ஏறியது, சார்ட்டில் டிக் |
| ஏறியது | மறு | மறு | மறு | மறு | மறு |

ஏழு மாற்றங்கள், 13 மறுப்புகள். "பதிவு, நேரம் முடிவு" என்ற கட்டத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே படுக்கைக்கு நின்றது அந்தக் கட்டத்தால்தான்.

டெஸ்ட் எழுதுவதற்கு முன்பே இந்த அட்டவணையை டெவலப்பரோடு உட்கார்ந்து ஒரு முறை படித்துவிடுங்கள். சில பக்குகள் அங்கேயே, அவர் முகம் மாறும்போதே தெரிந்துவிடும்.

## 6. மரமாக விரியுங்கள்

நான்கு நிலைகளையும் ஒரு முறை தொட்டுவிட்டால் போதுமா? தேர்வு, பணம், ஏறல் என்று ஒரே ஓட்டத்தில் நான்கும் வந்துவிடும். ஆனால் ஏழு மாற்றங்களில் மூன்றுதான் ஓடியிருக்கும். நிலைகளைத் தொடுவது மிகப் பலவீனமான அளவு. எல்லா மாற்றங்களையும் ஓட்டுவதுதான் குறைந்தபட்சம்.

அதற்கு மரம் வரையுங்கள். வேரில் காலி. அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கிளை. கிளையின் நுனியில் வரும் நிலை ஏற்கெனவே மரத்தில் வந்திருந்தால் அங்கே நிறுத்துங்கள். புதிய நிலை என்றால் மேலும் விரியுங்கள். நிறுத்தும் விதி இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்து மரம் முடியவே முடியாது.

வேரிலிருந்து ஒவ்வொரு நுனி வரைக்கும் உள்ள பாதை ஒரு டெஸ்ட் கேஸ். நமக்கு ஐந்து கிடைக்கும்:

பணம்.
தேர்வு, நேரம் முடிவு.
தேர்வு, ரத்து.
தேர்வு, பணம், ரத்து.
தேர்வு, பணம், ஏறல்.

மொத்தம் 11 படிகள், ஏழு மாற்றங்களும் அடங்கிவிட்டன. கையால் செய்யும்போது அகலவாக்கில், அடுக்கு அடுக்காக விரியுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மிகக் குறுகிய பாதை தானாகவே கிடைக்கும். அடுத்த படிக்கு அது வேண்டும்.

இந்த ஐந்தையும் ஒட்டி ஒரே நீண்ட ஓட்டமாகவும் ஓட்டலாம். படி எண்ணிக்கை அதே 11தான். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மூன்றாவது படியில் தோற்றால் மிச்ச எட்டும் ஓடாது, எது தோற்றது என்று தேடவும் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்குத் திரும்புவது மிகச் செலவான அமைப்புகளில் மட்டும், உதாரணத்துக்கு ஒரு கருவியை அணைத்துப் போட வேண்டும் என்றால், நீண்ட ஓட்டம் நல்லது.

## 7. மறுப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள்

13 மறுப்புக் கட்டங்களுக்கும் தனித்தனி டெஸ்ட். முதலில் அந்த நிலைக்குக் குறுகிய பாதையில் போங்கள். நிகழ்வைக் கொடுங்கள். நிலை மாறவில்லை என்று பாருங்கள். நம் கணக்கில் இவற்றுக்கு 36 படிகள். முன் படியையும் சேர்த்தால் 18 டெஸ்ட், 47 படிகள்.

ஒரு டெஸ்டில் ஒரு மறுப்புதான் இருக்க வேண்டும். மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐஎஸ்டிகியூபி சான்றிதழ் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், காரணம்தான் மறந்திருக்கும். முதல் தவறான நிகழ்வு இரண்டாவதின் பக்கை மறைத்துவிடலாம். ஏறிய பயணியின் டிக்கெட்டை ரத்து செய்ய முயன்று, அது கமுக்கமாக நிலையைக் காலியாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நீங்கள் கொடுக்கும் ஏறல் மறுக்கப்படும். அதைப் பார்த்து "மறுத்துவிட்டது, சரி" என்று டிக் போட்டுவிடுவீர்கள்.

சில மறுப்புகளைத் திரையிலிருந்து செய்ய முடியாது. பொத்தானே மங்கலாக இருக்கும். அதனால் டெஸ்ட் வேண்டாம் என்று விடாதீர்கள். ஏபிஐ வழியாக, அதாவது திரையைத் தொடாமல் மென்பொருளுக்கே கோரிக்கை போகும் வழியில், நேரடியாக அனுப்புங்கள். இரண்டு டேப் திறந்து வைத்திருக்கும் பயணிக்கு அந்தப் பொத்தான் இன்னும் மங்கவில்லை. கடிகார நிகழ்வுக்கு, பணம் கட்டிய பிறகு நேரத்தை ஒன்பது நிமிடம் முன்னே தள்ளிப் பாருங்கள்.

## 8. போய்ச் சேர்ந்த நிலையைச் சரிபாருங்கள்

திரையில் சரியான செய்தி வந்தது, அதனால் நிலையும் சரி என்று முடிவு கட்டாதீர்கள். "ரத்து ஆனது" என்று எஸ்எம்எஸ் வரும், சீட் பதிவிலேயே கிடக்கும். ஒவ்வொரு படிக்கும் பின்னால் நிலையைப் படித்துச் சரிபார்க்கும் வரி கட்டாயம் இருக்க வேண்டும். முதல் படியில் அந்த வசதியைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே பார்க்க வழியே இல்லை என்றால், வெளியிலிருந்து நிகழ்வு கொடுத்து நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் சீட்டுக்குப் பணம் கொடுத்துப் பாருங்கள். காலி என்றால் பணம் திரும்பும், பிடிப்பு என்றால் எஸ்எம்எஸ் வரும். பதிவும் ஏறியதும் இரண்டுமே மறுக்கும், அதனால் அவை மட்டும் பிரியவில்லை. அவற்றுக்கு ஏறல் கொடுங்கள். பதிவு சார்ட்டில் டிக் போடும், ஏறியது மறுக்கும். ஆக "பணம், ஏறல்" என்ற இரண்டு நிகழ்வுகளே நான்கு நிலைகளையும் அடையாளம் காட்டிவிடும்.

இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கொடுக்கக்கூடாது. பணம் கொடுத்தவுடன் நிலை மாறிவிடலாம். பாதையைத் திரும்ப ஓட்டி, ஒரு முறை பணம், ஒரு முறை ஏறல் என்று கொடுக்க வேண்டும். 20 கட்டங்களுக்கான பாதைகளும் தொடக்கமும் சேர்த்து 21. ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்றால் 42 டெஸ்ட். சில இன்னொன்றின் முன்பகுதியாக அடங்கிவிடும், அவற்றை நீக்கிவிடலாம்.

இதைத்தான் டபிள்யூ முறை என்கிறார்கள். கோடில் இருக்கும் நிலைகள் நம் அட்டவணையைவிட அதிகமில்லை என்றால், எந்தத் தவறான மாற்றமும் இதிலிருந்து தப்பாது. ஆனால் அட்டவணை முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும், ஒரே மாதிரி நடக்கும் இரண்டு நிலைகள் இருக்கக்கூடாது. இரண்டாவது படியையும் ஐந்தாவது படியையும் அரைகுறையாகச் செய்தவர்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

## 9. ஜோடிகளுக்குப் போங்கள்

மரத்தின் முதல் டெஸ்டை மறுபடி பாருங்கள். புத்தம்புதிய காலிச் சீட்டுக்கு நேராகப் பணம் வருகிறது. நிஜத்தில் அப்படி வராது. பிடித்து, நேரம் முடிந்து, அதன் பிறகுதான் வரும். கோடில் பழைய பிடிப்பின் மிச்சம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால், பக் இரண்டாவது வழியில்தான் தெரியும்.

ஆகவே அடுத்தடுத்த இரண்டு மாற்றங்களை ஜோடியாக எடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் உள்ளே வரும் மாற்றங்களை வெளியே போகும் மாற்றங்களால் பெருக்கினால் கணக்கு வரும். காலிக்குள் நான்கு வழி வருகிறது, இரண்டு வழி போகிறது: எட்டு. பிடிப்புக்கு மூன்று. பதிவுக்கு இரண்டு. ஏறியதிலிருந்து வெளியே வழி இல்லை. மொத்தம் 13 ஜோடிகள்.

எட்டு ஜோடிகள் காலியில் குவிந்திருக்கின்றன. அங்கேதான் நேரத்தைச் செலவிடுங்கள். குறிப்பாக "ரத்து, தேர்வு". முதல் பயணி மூன்றாவது நிமிடத்தில் ரத்து செய்கிறார், அடுத்தவர் உடனே எடுக்கிறார். முதல் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டாமவருக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே சீட் பறிபோகும். ஜோடி முடிந்ததும் நிறுத்தாமல், நேரத்தை ஏழு நிமிடம் தள்ளி இன்னும் பிடிப்பில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டைத் தாண்டினதும் காலியாகிறதா என்றும் பாருங்கள்.

மூன்று மூன்றாக எடுக்கலாமா என்று கேட்பார்கள். எண்ணிக்கை வேகமாக ஏறும், கிடைக்கும் பலன் குறையும். இப்படி ஒரு சீட்டுக்கு ஜோடி போதும் என்பது என் அனுபவம்.

## 10. பணம் யாருடையது?

முதல் பயணிக்கு நேரம் முடிந்தது. இரண்டாமவர் அதே சீட்டைப் பிடித்தார். இப்போது முதல் பயணியின் பணம் வந்து சேர்கிறது. அட்டவணைப்படி "பிடிப்பு, பணம்" என்றால் பதிவு. யார் பணத்துக்கு யார் பெயரில் டிக்கெட்?

இது அட்டவணையின் குறை. நிலைகளைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நிகழ்வைப் பிரியுங்கள்: இப்போதைய பிடிப்புக்கான பணம், பழைய பிடிப்புக்கான பணம். பத்திகள் ஆறு, கட்டங்கள் 24. பழைய பணம் எந்த நிலையில் வந்தாலும் திரும்பிப் போக வேண்டும், நிலை மாறக்கூடாது. காலியில் "இப்போதைய பணம்" என்பதற்குப் பொருளே இல்லை, அதை அடித்துவிட்டுக் காரணத்தையும் எழுதிவையுங்கள்.

ஒரே நிகழ்வுக்கு, ஒரே நிலையில், இரண்டு வேறு பதில்கள் தேவைப்படுகின்றன என்று தோன்றும்போதெல்லாம் இப்படி ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

எந்திரம் நிகழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பார்க்கும் என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே சீட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த டெஸ்ட்கள் பதில் சொல்லாது. ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பும் தனி டெஸ்ட் அதற்கு வேண்டும்.

## 11. எழுதுவதும் பராமரிப்பதும்

அட்டவணையைக் கோப்பாக வைத்து, பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதினால் மரத்தையும் மறுப்புகளையும் அதுவே உருவாக்கிவிடும். கிராஃப்வாக்கர் போன்ற கருவிகளும் பாதைகளை உருவாக்கித் தரும். ஆனால் முதல் முறை கையால் செய்யுங்கள். கருவி, நிரப்பாத கட்டத்தைப் பற்றி உங்களிடம் கேட்காது.

டெஸ்டின் பெயரில் கிளம்பும் நிலை, நிகழ்வு, சேரும் நிலை மூன்றும் இருக்கட்டும். "பதிவு, நேரம் முடிவு, பதிவு" தோற்றது என்று காலையில் பார்த்தாலே எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும். ஒரு டெஸ்ட் விட்டுச்சென்ற சீட்டை இன்னொன்று எடுத்துக்கொள்ள விடாதீர்கள். ஏறியது என்ற நிலையிலிருந்து திரும்ப வழி கிடையாது என்பதால், இரண்டாவது டெஸ்ட் காரணமே இல்லாமல் தோற்கும்.

தேவை மாறும்போது டெஸ்டைத் திருத்தாதீர்கள். அட்டவணையைத் திருத்தி, டெஸ்ட்களை மறுபடி உருவாக்குங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் பஸ் முதலாளிகள் தெரிந்தவர்களுக்காகச் சில சீட்டுகளை நிறுத்திவைக்கக் கேட்பார்கள். கேட்க ஒரு சின்ன வசதி மாதிரிதான் இருக்கும். நிறுத்திவைப்பு என்று ஒரு நிலை, நிறுத்து, விடுவி என்று இரண்டு நிகழ்வுகள். முதலில் போட்ட 20 கட்ட அட்டவணையில் இதைச் சேர்த்தால் 35 ஆகும். கேட்டு நிரப்ப வேண்டியவை புதிதாக 15. அதில் முதலில் கேட்க வேண்டியது "பிடிப்பு, நிறுத்து": யாரோ பணம் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டை முதலாளி நிறுத்தினால், அந்தப் பணம் எங்கே போகும்?